எந்தப் பார்ட்டி?

ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். புதிதாகச் சேருபவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்புதான்.

போன ஆவணியில் சேவூரிலிருந்து மெர்சி என்ற பெண் வேலைக்கு வந்தாள். முதல் நாளே கடையில் நல்ல கூட்டம். ஓர் அலமாரியைக் காட்டி, "இதுல இருக்கிறதெல்லாம் பார்ட்டி புடவைம்மா, பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

மதியம் சேத்துப்பட்டிலிருந்து ஒரு கல்யாண வீட்டார், தாங்கள் எடுத்துவைக்கச் சொன்ன முகூர்த்தப் புடவைக்காக வந்தார்கள். அலமாரியில் அது இல்லை. மெர்சியைக் கேட்டேன்.

"பார்ட்டிக்குன்னு வந்து வாங்கிகினு போய்ட்டாங்கக்கா."

"நாங்க இப்பதானே வர்றோம்!" என்றார் கல்யாணப் பெண்ணின் அம்மா.

இவர்கள் வீட்டிலிருந்தே வேறு யாராவது வந்தார்களா? இல்லை, மெர்சி பொய் சொல்கிறாளா?

"எந்தப் பார்ட்டிம்மா?"

"ரிசப்ஷன் பார்ட்டிக்குக் கட்டன்னு ஒருத்தங்க கேட்டாங்க. நீங்கதானேக்கா இதெல்லாம் பார்ட்டி புடவைன்னீங்க?" என்று அழுதுவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாடிக்கையாளரைப் பார்ட்டி என்பது எங்கள் கடைப் பேச்சு; பார்ட்டி புடவை என்றால் அவர்கள் எடுத்துவைக்கச் சொன்ன புடவை. அது அவளுக்கு எப்படித் தெரியும்?

நல்லவேளை, வாங்கியவர் எதிரே தையல் கடையில்தான் நின்றிருந்தார். பிளவுஸ் துணியை இன்னும் வெட்டவில்லை. ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். "அய்யோ, முகூர்த்தப் புடவையா? ஜல்தியா எடுத்துகினு போங்க" என்று கொடுத்துவிட்டு, வேறு புடவை எடுத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் புதியவர்களிடம், "நான் சொன்னதை எனக்கு ஒரு வாட்டி சொல்லு" என்று கேட்கிறேன். நான் என்ன சொன்னேன் என்பது பாதி நாள் எனக்கே அப்போதுதான் தெரிகிறது.