ஒன்பது வருடச் சோபா

பார்க்கிங் என்ற ஊரில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் மழைவெள்ளம் முழங்காலளவு ஏறி வடிந்தது. நனைந்த சாமிப் படங்களையும் என் பதினாறு டயரிகளையும் மனைவி ஒரே கறுப்புப் பையில் போட்டாள், அழவில்லை. சோபாவைப் பார்த்துத்தான் அழுதாள். விருந்தாளிகளுக்கென்று ஒன்பது வருடமாகப் பிளாஸ்டிக் உறை கழற்றாமல் வைத்திருந்தது. வந்தவர்களைக்கூட நாங்கள் அதில் இருக்க விட்டதில்லை. இப்போது உறைக்குள் தண்ணீர் நின்றது, மீன்தான் இல்லை.

கவுன்சில் குப்பை லொறிக்காக அதை வாசலில் வைத்தோம். நான் உறையைக் கிழித்தேன்.

"என்னப்பா செய்யிறியள்?"

"ஒருக்கா இருந்து பாப்பம்."

மனைவி முறைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் பின்பக்கம் ஊறியது. பத்து நாற்பதுக்கு லொறி வந்தது. எழும்பச் சொன்னார்கள்.

"பத்து நிமிசம் பொறுக்கச் சொல்லுங்கோ," என்று மனைவி சோபாவில் காலை மடித்துச் சப்பாணி கட்டிக்கொண்டாள்.