சந்தனம் பூசிய பந்தயக் கடிகாரம்

நான் படித்தது தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு வரை. லாரியில் மூட்டை ஏற்றப் போனவன், இன்று சொந்தமாக லாரிகள் ஓட்டுகிறேன். கார் பந்தயக் கைக்கடிகாரம் ஏழு வைத்திருக்கிறேன். பினாங்கில் வேறு எந்தத் தமிழனிடமும் இத்தனை கிடையாது, விசாரித்துவிட்டேன்.

ஏழும் புதியவை. அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் கையில் கட்டிய மாடலையே, நேரம் அளக்கும் பொத்தான்களோடு, கம்பெனிக்காரன் இப்போது மறுபடி செய்து விற்கிறான். எனக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருவரிடம் அதில் ஒன்றின் அசல் பழசு இருக்கிறது. ஞாயிறுதோறும் சூலியா தெருவில் தேநீர் குடிக்கும்போது அதைத்தான் பேசுவார்.

"உங்களோடது நகல்தான் லா, அண்ணே."

"உங்களோடது செகண்ட் ஹேண்டு, டாக்டர்."

"சரி, அதை வச்சு எதையாச்சும் அளந்திருக்கீங்களா?"

அளந்ததில்லை. அவரும்தான். எது உண்மையான கடிகாரம் என்று பார்த்துவிடலாம் என்று, அக்கரை போகும் நேரத்தை அளக்க இருவரும் பெர்ரி ஏறினோம். கயிற்றை அவிழ்த்ததும் நான் மேல் பொத்தானை அழுத்தினேன். முள் ஓடியது. டாக்டர் விரலை வைத்தார், அழுத்தவில்லை.

"உடைஞ்சா பார்ட்ஸ் கிடைக்காது, அண்ணே."

அக்கரையில், பட்டர்வொர்த்தில், முள்ளை நிறுத்தப் பார்த்தேன். உள்ளே போன பொத்தான் வெளியே வரவே இல்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"இது என்ன, மஞ்சளா?"

"சந்தனம்."

முந்தைய நாள்தான் ஆயுத பூஜை. லாரிக்கு இரண்டு விளக்கிலும் பொட்டு வைக்கிற மாதிரி, என் மனைவி கடிகாரத்துக்கு இரண்டு பொத்தானிலும் வைத்திருக்கிறாள். எண்ணெய் போட்டுத் துடைக்காதது ஒன்றுதான் குறை.

"அப்ப யாரு ஜெயிச்சது?" என்றார் டாக்டர்.

"என்னோடது நிக்க மாட்டேங்குது. உங்களோடது கெளம்பவே இல்ல."

மறுநாள் தன் கிளினிக்கில், பல் தோண்டும் ஊசியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். நாற்காலியில் ஒரு அம்மா வாயைத் திறந்தபடி காத்திருந்தார். பொத்தான் வெளியே வந்தது. அழுத்தினேன், முள் நின்றது.

"சத்தம் ஒரிஜினல் மாதிரியே இருக்கு, அண்ணே."

காது கேட்காதது போல் இருந்து, அதை இன்னொரு முறை சொல்ல வைத்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு டாக்டர் வீட்டுக்கு வந்தார். கையில் அந்தப் பழைய கடிகாரம்.

"அக்கா, பொத்தான்ல வேணாம். வார்ல மட்டும் வைங்க."

மனைவி அதையும் வரிசையில் வைத்தாள். என் ஏழுக்கும் பிறகுதான். பழசுக்கு அந்த இடம் போதும்.