நக்கலுக்குப் பிரிவு இல்லை

வைத்தியசாலை வெளியிட்டிருக்கும் வழிகாட்டியில் விதி தெளிவாகவே இருக்கிறது. குரல்வளையை முழுவதும் அகற்றும் சத்திரசிகிச்சைக்கு ஒரு நோயாளி சம்மதிக்கும் முன்னர், அதே சிகிச்சையைப் பெற்று வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவரைச் சந்திக்க அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். இயலுமானவரை அந்த ஒருவர் நோயாளியின் தாய்மொழியைப் பேசுபவராக இருக்க வேண்டும்.

'இயலுமானவரை' என்ற சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும். ஓய்வு பெறும்வரை மாநில அரசின் திணைக்களம் ஒன்றில் நடைமுறைக் கையேடுகளும் கூட்டங்களுக்கான அறிக்கைகளும் எழுதுவதுதான் என் தொழில். ஒரு விதி பார்வைக்கு அழகாகவும் நடைமுறையில் யாருக்கும் தொந்தரவில்லாமலும் இருக்க வேண்டுமானால், பொருத்தமான இடத்தில் அந்தச் சொல்லைச் செருகிவிட வேண்டும். நான் செருகிய இடங்கள் பல. இப்போது வேறு யாரோ செருகியதன் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

குரல் கரகரத்தபோது, தமிழ்ச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் கத்தியதால் வந்தது என்று மனைவி சொன்னாள். நான் கத்தவில்லை, சங்க விதிகளான யாப்பின் ஒரு பிரிவை மூன்று தடவை வாசித்துக் காட்டினேன், அவ்வளவுதான். குடும்ப வைத்தியர் மாத்திரை தந்தார். பிறகு இன்னொரு மாத்திரை. பிறகு மூக்கு வழியாகக் கமராவை விட்டுப் பார்த்தார்கள். சிறு துண்டை வெட்டி அனுப்பினார்கள். அதற்கப்பால் எல்லாம் மிக வேகமாக நடந்தது. அரசாங்க அலுவலகம் ஒன்று வேகமாக இயங்கினால் அது நல்ல சகுனமல்ல என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

சத்திரசிகிச்சை நிபுணர் சைக்கிளில் வேலைக்கு வருபவர். தலைக்கவசம் மேசையின் ஓரத்தில் கிடந்தது. கட்டி குரல்வளையின் குருத்தெலும்பைத் தின்னத் தொடங்கிவிட்டது என்றார். ரேடியேஷனும் கீமோவும் கொடுத்துப் பார்க்கலாம். குரல்வளை தப்பினாலும் அது வேலை செய்யும் என்பதற்கு உறுதியில்லை. பிறகு கட்டி திரும்பி வந்தால், கருகிய சதையில் வெட்ட வேண்டும். அது இலகுவில் ஆறாது. ஆகவே முதலிலேயே எடுத்துவிடுவது நல்லது என்பது அவருடைய கருத்து. தன் கழுத்தில், டை முடிச்சு வரும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே ஒரு துவாரம் இருக்கும். இனி மூச்சு அதன் வழியாகத்தான்.

மூக்கு எதற்கு என்று கேட்டேன்.

கண்ணாடியைத் தாங்குவதற்கு என்றார். அந்த மனிதர் மீது எனக்கு ஒரு மதிப்பு உண்டானது.

பேச்சு திரும்ப வரும் என்றார். வேறு வகையில். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் சிறிய வால்வு ஒன்றை வைப்பார்கள். கழுத்துத் துவாரத்தை விரலால் மூடினால் காற்று அந்த வால்வு வழியே போய்த் தொண்டைச் சதையை அதிர வைக்கும். வைத்தியர்களின் அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன் முடிவைச் சொல்லுங்கள் என்றார். வாழ்நாள் முழுவதும் நிகழ்ச்சிநிரல் தயாரித்த எனக்கு, என் தொண்டையே நிகழ்ச்சிநிரலில் ஓர் இலக்கமாக வந்தது.

பேச்சுப் பயிற்சியாளர் இளம் பெண். சிகிச்சை பெற்றவர்கள் பேசும் காணொளிகளைக் காட்டினாள். ஒருவர் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் பேரப்பிள்ளையின் கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசினார். குரல்கள் கரடுமுரடாக இருந்தன, ஆனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஏற்ற இறக்கம்தான் போதாது. சந்தோஷமான செய்தியும் துக்கமான செய்தியும் ஒரே உயரத்தில் நடந்து போயின.

தமிழில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கிரேக்கம் இருக்கிறது, வியட்நாமிய மொழி இருக்கிறது, தேடிப் பார்க்கிறேன் என்றாள். பிறகு, இந்தக் குரலை வைத்து நான் முக்கியமாக என்ன செய்ய விரும்புகிறேன் என்று கேட்டாள். தொலைபேசியில் பேசுவது, கடையில் சாமான் கேட்பது, இப்படிப் பலர் சொல்வார்களாம்.

நக்கல் என்றேன்.

ஆங்கிலத்தில் விளக்கினேன். ஒன்றைச் சொல்லி அதற்கு எதிரானதை உணர்த்துவது. முழுக்க முழுக்கக் குரலின் நெளிவில் இருக்கும் ஒரு தொழில். அந்த நெளிவு இல்லாவிட்டால் 'நல்ல கெட்டிக்காரன்தான்' என்ற வசனம் பாராட்டாகப் போய்விடும், எதிரில் இருப்பவர் நன்றி சொல்லிவிடுவார். எனக்கு அந்த ஆபத்து சாவை விடப் பெரிதாகத் தெரிந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை. அவள் அதைக் கவனமாக எழுதிக்கொண்டு, அதற்கென்று தனியான பயிற்சி எதுவும் தங்களிடம் இல்லை என்றாள்.

அன்றே விதியைச் சுட்டிக்காட்டி மின்னஞ்சல் அனுப்பினேன். தமிழ் பேசும் ஒருவரைச் சந்திக்க வேண்டும். நேரில் கேட்க வேண்டும். பதில் உடனே வந்தது: மற்ற நோயாளிகளின் அந்தரங்கத்தைப் பேண வேண்டியிருப்பதால் யாருடைய விபரமும் தர இயலாது, கோரிக்கையைப் பொருத்தமானவர்களுக்குத் தெரிவிப்போம், அவர்கள் விரும்பினால் தொடர்புகொள்வார்கள். குறை சொல்ல முடியாத கடிதம். நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

யாரும் விரும்பவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இந்த வருத்தம் வருவதில்லை என்பது காரணமல்ல. வரும், ஆனால் வெளியே வராது. வீட்டில் மனைவி ஏற்கெனவே கட்டளை பிறப்பித்திருந்தாள்: ஒருவருக்கும் சொல்லக்கூடாது. கோயிலில் கேட்டவர்களுக்கு 'தொண்டையில சின்ன அலர்ஜி' என்றாள். அதன் பயனாகக் கற்பூரவள்ளியும் சித்தரத்தையும் பலர் வீட்டுத் தேன் போத்தல்களும் வந்து குசினியை நிரப்பின. சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, ஆண்டு விழாவில் நன்றியுரை என்னுடையதுதான் என்றார். அருமையான யோசனை, அலர்ஜி மாறினால் பார்ப்போம் என்று நானும் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை பக்கத்துப் புறநகரான பென்டில் ஹிலில், எங்கள் ஆட்களின் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது, மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

"இஞ்சருங்கோ. உங்களுக்கு அந்த அறிவிப்பாளரை ஞாபகம் இருக்கோ?"

யாருக்குத்தான் ஞாபகமில்லை. எங்கள் விழா மண்டபங்களில் பல காலம் ஒலித்துத் திடீரென்று நின்றுபோன குரல். பரதநாட்டியத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் நடுவில் மேடையேறி, எந்தக் காரின் சொந்தக்காரர் அயலவரின் வாசலை மறித்து நிறுத்தியிருக்கிறார் என்பதை, ஒரு காவியம் வாசிப்பது போல அறிவிப்பார். 'வெள்ளைக் கொரோலாவின் உரிமையாளர் கலையை ரசித்தது போதும், வெளியே வரவும்' என்பார். கார்க்காரர் கூனிக்குறுகி எழுந்து போக, மண்டபம் சிரிக்கும்.

"அவர் மகனிட்டைக் கனடா போயிட்டாரெல்லோ?" என்றேன்.

"கனடாவில இருக்கிற மனுசன் எப்பிடி எங்கடை பக்கத்தில நார்த்மீட்டில ஒவ்வொரு கிழமையும் குப்பைத் தொட்டியை வெளியில கொண்டுவந்து வைக்கிறது?"

"நீர் கண்டனீரோ?"

"கண்டனான். வெய்யில் கொளுத்துது, கழுத்தைச் சுத்தி மஃப்ளர். நான் கார்க் கண்ணாடியை இறக்கிறதுக்குள்ள உள்ளுக்க ஓடிட்டார்."

அடுத்த நாள் பின்னேரம் அவள் ஒரு பெட்டியில் உழுந்து வடை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது பெட்டி காலியாக இருந்தது.

"அவ சொல்லுறா, அவர் கனடாவிலதானாம். இப்ப அங்கை நல்ல குளிராம்."

"அப்ப வடை?"

"வாங்கிட்டா. 'அவருக்கு விருப்பம்' எண்டு வேற சொன்னவ. உள்ளுக்க ரீவியில கிரிக்கெட் போகுது. நான் உங்கடை விஷயத்தை உள்ளதை உள்ளபடி சொல்லி, அவரின்ரை நம்பரை வாங்கிக்கொண்டு வந்தனான்."

ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்ற கட்டளையை முதலில் மீறியவள் கட்டளையிட்டவளே. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

அவருக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன். என் நோய், தரப்பட்ட தெரிவுகள், என் கேள்வி. கேள்வி ஒன்றுதான்: அண்ணை, இந்தக் குரலில் நக்கல் வருமா? ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு சரிக்குறிகளும் நீலமாகின. பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. கோபம் வரவில்லை. என்னைத் தேடி இப்படி ஒருவர் எழுதியிருந்தால், எனக்கும் அலர்ஜிதான் இருந்திருக்கும்.

மெல்பேர்ணில் பொயிண்ட் குக்கிலிருந்து மகள் விமானமேறி வந்தாள். வரும்போதே சண்டைக்கு ஆயத்தமாக வந்தாள். அவளுக்காக நான் ஒரு தெரிவு அறிக்கை தயாரித்து வைத்திருந்தேன். அ: சத்திரசிகிச்சை. ஆ: ரேடியேஷனும் கீமோவும். இ: எதுவும் செய்யாதிருத்தல்.

"அப்பா, வட் இஸ் திஸ்? இது உங்கடை உடம்பு. கவுன்சில் கார் பார்க் இல்லை."

"எல்லா அறிக்கையிலும் மூண்டு தெரிவு இருக்க வேணும் பிள்ளை. இ எப்பவும் நிராகரிக்கிறதுக்காகத்தான் போடுறது."

"தென் ரிஜெக்ட் இட்! ஏன் இன்னும் சைன் பண்ணேல்ல?"

நான் ஆ-வின் நன்மைகளை விளக்கத் தொடங்கினேன். நடுவில் குரல் அடைத்துப்போய் நின்றது. தண்ணீர் குடித்தேன்; அது புரைக்கேறியது. மகள் பல்கனிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் அழுகிறாள் என்று தெரிந்தும் எழுந்து போக எனக்கு மூச்சு இல்லை.

அறிக்கையை மேசையிலிருந்து எடுத்தவள் மனைவி. கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தாள். என் அறிக்கை ஒன்றை அவள் வாசித்தது அதுதான் முதல் தடவை. பிறகு எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்களுக்குச் சாகப் பயமில்லை. நக்கலடிக்க ஏலாமப் போயிடும் எண்டுதான் பயம்."

நான் தண்ணீர்க் குவளையைத் தள்ளி வைத்தேன்.

"அண்டைக்கு அந்தச் செயலாளருக்கு நீங்கள் 'அருமையான யோசனை' எண்டு சொன்னது அவருக்கு விளங்கினதோ?"

"இல்லை. நன்றி எண்டவர்."

"உங்களுக்கு அப்ப குரல் இருந்ததெல்லோ? இருந்தும் விளங்கேல்ல. ஆனா எனக்கு விளங்கினது. நான் உங்கடை குரலைக் கேக்கேல்ல. நீங்கள் இந்த இடது புருவத்தைத் தூக்கினா அது நக்கல். தூக்காட்டி உங்களுக்கு நித்திரை வருது. இவ்வளவு காலமும் நான் இதை வைச்சுத்தான் சமாளிச்சனான்." அறிக்கையை மடித்தாள். "டொக்டர் புருவத்தையும் எடுக்கிறாரோ?"

"இல்லை. அதை விட்டு வைக்கிறார்."

"அப்ப சைன் பண்ணுங்கோ. எனக்கு இந்த வீட்டில பகிடிக்கு ஆள் வேணும். பிள்ளை, அழுதது காணும், உள்ளுக்க வா, தேத்தண்ணி ஆறுது."

அவ்வளவுதான். என் வாழ்க்கையில் எந்தத் தெரிவு அறிக்கையும் இவ்வளவு விரைவாக அங்கீகாரம் பெற்றதில்லை.

கையெழுத்திட்ட பிறகு, கடைசியாக என்ன பேசுவது என்ற கேள்வி வந்தது. மகள் என் குரலைப் பதிவுசெய்ய விரும்பினாள். ஏதாவது சொல்லுங்கள் அப்பா, எதுவானாலும் பரவாயில்லை என்றாள். எதுவானாலும் பரவாயில்லை என்றால் மனிதனுக்கு எதுவும் வராது. மின்சாரக் கட்டணம் எந்தக் கணக்கிலிருந்து போகிறது, புல் வெட்டும் இயந்திரத்தை எப்படி முடுக்குவது என்பவற்றைச் சொல்லி வைத்தேன். அவள் அதையும் பத்திரமாக வைத்திருக்கிறாள். மனைவிக்குத் தனியாக ஒன்று சொன்னேன். அது இங்கே தேவையில்லை.

சத்திரசிகிச்சை நாளில், மயக்க மருந்து கொடுக்க வந்தவர் நடைமுறைப்படி என் பெயரைக் கேட்டார், என்ன சிகிச்சை செய்யப் போகிறார்கள் என்று கேட்டார், பிறந்த திகதியைக் கேட்டார். சொன்னேன். கையில் கட்டியிருந்த பட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சரி என்றார். என் சொந்தக் குரலில் நான் கடைசியாகச் சொன்னது என் பிறந்த திகதி. அதில் பிழையில்லை என்பது ஆறுதல்.

கண் விழித்தபோது தும்மல் கழுத்தால் வந்தது. அதைப் பற்றி எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, வழிகாட்டியிலும் இல்லை. சிறு வெண்பலகை தந்தார்கள், எழுதிக் காட்டுவதற்கு. கட்டி முழுவதும் வந்துவிட்டது, ஓரங்கள் சுத்தம் என்று நிபுணர் வந்து சொன்னார். நான் பலகையில் 'அருமையான யோசனை' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவர் நன்றி என்றார். மனைவி என் புருவத்தைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை அவர் உண்மையாகத்தான் சொல்கிறார் என்று அவருக்கு விளக்கினாள்.

வீட்டுக்கு வந்தேன். வால்வு வைத்த இடம் இன்னும் ஆறவில்லை. விரலால் மூடிப் பேசும் பயிற்சி அடுத்த கிழமை என்றிருந்தது. மனைவி மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் நான் தோட்டத்துக்கு ஓடினேன். பேசாமல் இருப்பது கஷ்டமாக இருக்கவில்லை. பேசப்போகும் முதல் நாளை நினைக்கத்தான் கஷ்டமாக இருந்தது. புருவம் மனைவிக்குப் போதும். தொலைபேசியில் மகளுக்குப் புருவம் தெரியாது.

நான் தோட்டத்தில் நின்றபோதுதான் கைத்தொலைபேசி அதிர்ந்தது. அந்த அறிவிப்பாளரின் இலக்கம். எழுத்தில்லை, குரல் செய்தி. அழுத்தினேன். முதலில் ஒரு மூச்சுச் சத்தம், பிறகு லொறியிலிருந்து கல் கொட்டுவது போன்ற ஒரு குரல். அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"தம்பி. உம்மடை கேள்வியை அண்டைக்கே பாத்தனான். பதில் போடச் சுணங்கிப்போச்சு, குறை நினையாதையும். கனடாவில சரியான குளிர், விரல் விறைச்சுப்போச்சு. அவ்வளவு தூரம் வந்தும் வடை நல்ல சூடாத்தான் இருந்தது. வாற ஞாயிற்றுக்கிழமை வாரும், கதைப்பம். காரை அயலவன்ரை வாசலில விட்டிடாதையும்."

குசினி யன்னல் திறந்திருந்தது. உள்ளே மனைவி அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். செய்தியை இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன். மறுபடியும் சிரித்தாள், அவளுக்கு அவருடைய புருவம் தெரிந்திருக்க நியாயமில்லை. செய்தியை அப்படியே மெல்பேர்ணுக்கு அனுப்பினேன்.

அது வந்தது ஜூன் மாதத்தில், நீண்ட வார இறுதிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. கனடாவில் அப்போது நல்ல வெய்யில்.