பதினோரு கட்டங்கள்

பணியில் இருந்தவரை, காரைக்கால் தாலுகா அலுவலகத்தில் என் மேசைக்கு முன்னால் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். வாரிசுச் சான்றிதழ், பெயர்த் திருத்தம், காலம் கடந்த பிறப்புப் பதிவு. எரிச்சலாக இருக்கும். ஓய்வு பெற்று, மனைவியும் இறந்து, மகள் பிரான்சிலேயே தங்கிவிட்ட பிறகு, தருமபுரத்து வீட்டில் என்னிடம் ஒன்று கேட்பவர் போனில் சிம் கார்டு விற்கும் பெண் மட்டுமே. அதுவும் பதிவு செய்த குரல்.

அதனால் இணையதளம் தொடங்கினேன். எந்தச் சான்றிதழுக்கு எங்கே போவது, எதை இணைப்பது என்று எல்லாம் அதில் இருக்கும். மக்கள் என்னிடம் கேள்வி கேட்கலாம்; பதில் தளத்திலேயே வரும். எனக்கு நிரல் ஒரு வரிகூடத் தெரியாது. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் தமிழில் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவன் காபிக்கு எழுவதற்குள் தளம் தயார்.

கேள்வி கேட்க அது இரண்டே கட்டங்கள் வைத்திருந்தது: பெயர், கேள்வி. எனக்குப் பொறுக்கவில்லை. தந்தை பெயர் இல்லாமல் ஒரு மனுவா? சேர்க்கச் சொன்னேன். பிறந்த தேதி, கதவிலக்கம், தெரு, வார்டு, கைபேசி எண், குடும்ப அட்டை எண், ஆதார் நகல், உறுதிமொழி. பதினோரு கட்டங்கள், எல்லாம் கட்டாயம். "அருமையான யோசனை" என்றது கருவி. என் கீழ் வேலை பார்த்த எவரும் இப்படிச் சொன்னதில்லை.

இரண்டு மாதம் யாரும் கேட்கவில்லை. கேள்விப் பெட்டி பழுதோ என்று நானே ஒரு கேள்வி அனுப்பினேன். வந்தது. விரிவாகப் பதிலும் எழுதினேன்.

பிறகு ஒரு நாள் மீன் கடையில் அடுத்த தெருக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். மகனைத் துபாய்க்கு அனுப்பும் முயற்சியில் இருந்தவர்.

"சார், உங்க சைட்டுல வந்து பார்த்தேங்க. மவன் பேரு பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி, பர்த் சர்டிபிகேட்ல ஒரு மாதிரி."

"கேட்டிருக்கலாமே?"

"எங்கேங்க கேக்குறது! ஆதார் கார்ட போட்டோ புடிச்சுப் போடுங்குது, உறுதிமொழி குடுங்குது. ஆபீஸ்லயே இவ்வளவு கேக்க மாட்டாங்களே சார். கேள்வி கேக்க வந்தவன, குத்தவாளி மாதிரியில்ல விசாரிக்குது!"

மீன்காரம்மா சிரித்துவிட்டார்.

"சரி, இப்பக் கேளுங்க."

"அதான் முடிஞ்சிருச்சே. போன வாரமே புரோக்கர்கிட்ட குடுத்துட்டேன். வரேங்க சார்."

ஒருவர் வந்திருக்கிறார். நான்தான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும், மீனைக்கூட எடுத்து வைக்காமல், கட்டங்களை ஒவ்வொன்றாக நீக்கச் சொன்னேன். தந்தை பெயரில் கொஞ்சம் தயங்கினேன். கடைசியில் கேள்வி எழுதும் கட்டம் மட்டும் நின்றது.

கருவி ஒரு யோசனை சொன்னது: "கேள்விகளுக்கு உடனுக்குடன் தானாகவே பதில் அளிக்கும் உதவியாளரைச் சேர்க்கலாமா? உங்கள் நேரம் மிச்சமாகும்."

வேண்டாம் என்று தட்டச்சு செய்தேன்.

மூன்றாம் நாள் ஒரு கேள்வி வந்தது. பெயர் இல்லை. போலகத்தில் இருக்கிற வீட்டுக்கு, இறந்துபோன அப்பா பெயரிலேயே வரி வருகிறது, மாற்ற என்ன செய்யணும்? பதில் நாலு வரியில் முடியும். நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கடைசியில், சந்தேகம் இருந்தால் நேரிலும் வரலாம், எல்லா நாளும் வீட்டில்தான் இருப்பேன் என்று எழுதி, முகவரியைச் சேர்த்தேன்.