மூன்று மாதத்தில் திரும்பி வருபவன்

நான் இயக்கிய முதல் கதை ஒரு நாடகம். மூன்றே காட்சிகள். ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில் மலாக்காவில் அதை மேடையேற்றினேன். பிறகு பட இயக்குநராகிப் பல ஊர்களில் என் தொழிலைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அந்த நாடகத்தை மட்டும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

படங்கள் பேசாத காலத்தில் சென்னையில் நான் குழந்தை நடிகன். ஐந்து வயதில் தொடங்கினேன். எனக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் சாவதுதான். பாம்பு கடித்துச் சாவேன். கிணற்றில் விழுந்து சாவேன். காய்ச்சலில் படுத்து, தாயாக நடிப்பவளின் மடியில் தலை சாய்ப்பேன். ஒலிப்பதிவு இல்லாததால் கேமரா ஓடும்போதே இயக்குநர் பக்கத்தில் நின்று கத்துவார். "கையைத் தளர விடு! கண்ணைச் செருகு! மூச்சு விடாதே, மூச்சு விடாதே!" நான் விட மாட்டேன். அதில் எனக்கு நல்ல பெயர்.

அப்படி ஒரு படத்தைப் பார்க்க அம்மா என்னைக் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். அவள் மடியில் நான் உட்கார்ந்திருந்தேன். திரையில் நான் செத்ததும் அவள் வாய்விட்டு அழத் தொடங்கினாள். "அம்மா, இங்கதான் இருக்கேன்" என்று அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு அழுதாள். அன்று நான் பயந்த மாதிரி அதுவரை பயந்ததில்லை.

படங்கள் பேச ஆரம்பித்தபோது எனக்குக் குரல் உடைந்திருந்தது. வாய்ப்பு நின்றது. ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் அந்தக் குழுவோடு கப்பலேறி மலாயா வந்தேன். நாங்கள் மலாக்காவில் இருந்தபோது சண்டை வந்தது. குழு சிதறியது. சிலர் சிங்கப்பூருக்கு ஓடினார்கள். நான் மலாக்காவிலேயே காஜா பேராங் என்ற பகுதியில் ஒரு வீட்டின் பின்னறையில் தங்கிவிட்டேன். வீட்டுக்காரர்கள் மலாக்கா செட்டிகள். கோயிலுக்குப் போவார்கள், நெற்றியில் திருநீறு இருக்கும், ஆனால் பேசுவது மலாய். என் தமிழ் அவர்களுக்குப் புரியாது. வீட்டுக்கார அம்மாளை நான் மக்சிக் என்று கூப்பிடுவேன். அத்தை, சித்தி என்பது போல அங்கே மரியாதைக்குச் சொல்வது. என் அரைகுறை மலாயைத் திருத்திக்கொண்டே அவள் எனக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுப்பாள். அரிசி கண்ணில் படாத காலம் அது.

அடுத்த வீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் இருபத்தைந்துக்குள் வயது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். ரப்பரை வாங்க ஆளில்லாமல் தோட்டம் நின்றுபோனதும் டவுனுக்கு வந்து, வீட்டைச் சுற்றியிருந்த மண்ணில் கிழங்கு போட்டுப் பிழைத்தார்கள். அவன் உயரமானவன், வாய் ஓயாது. தோட்டத்தில் திருவிழாவுக்குக் கூத்து நடந்தால் அவன்தான் ராஜா. நான் சினிமாவில் நடித்தவன் என்று தெரிந்ததிலிருந்து வேலி ஓரம் வந்து நின்று, "அண்ணே, அந்தப் பாம்பு கடிச்சு சாவுறத ஒருக்கா காட்டுங்கண்ணே" என்பான். நான் காட்டுவேன். அவன் மனைவி, "ஐயோ, வேணாம்ணே" என்று முகத்தை மூடிக்கொண்டு விரல் இடுக்கு வழியாகப் பார்ப்பாள்.

ஒரு நாள் பிரச்சார அலுவலகத்திலிருந்து கிராணி, அதாவது குமாஸ்தா, ஒருவர் என்னைத் தேடி வந்தார். எங்கள் ஆள்தான், தமிழர். சண்டைக்கு முன்னால் வெள்ளைக்காரனிடம் எழுத்து வேலை, இப்போது ஜப்பான்காரனிடம். ஜப்பான் அதிகாரிக்கு ஒரு தமிழ் நாடகம் வேண்டுமாம். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள். தோட்டத்து ஆட்கள் மூன்று மாதம் அங்கே போய் வேலை செய்தால் அரிசி, துணி, மருந்து எல்லாம் கிடைக்கும். இதை மேடையில் காட்ட வேண்டும்.

"நீங்கதான் டைரக்ட் பண்ணணும்" என்றார் கிராணி. அந்தச் சொல்லை என்னைப் பார்த்துச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

முடியாது என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கிளேபாங் பக்கம் கடற்கரைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களைப் பற்றி ஊரே தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது. ஆனால் பயத்தால் மட்டும் ஒப்புக்கொண்டேன் என்று எழுதினால் அது பொய். எனக்கு ஆசையாகவும் இருந்தது.

கதையை நானே எழுதினேன். முதல் காட்சியில் கணவன் விடைபெறுகிறான். இரண்டாவதில் மனைவி காத்திருக்கிறாள். மூன்றாவதில் அவன் அரிசி மூட்டையோடு திரும்பி வருகிறான். கணவனாக அடுத்த வீட்டுக்காரன். மனைவி வேடத்துக்குப் பெண்கள் கிடைக்கவில்லை, நானே சேலை கட்டிக்கொண்டேன். அவனுக்கு மூன்றாம் காட்சியில் உடுத்தப் புது வேட்டியும் சட்டையும் ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் இரவல் கொடுத்தார். மூட்டைக்குள் இலவம் பஞ்சு.

மூன்றாம் காட்சிக்குத்தான் நான் அதிகம் உழைத்தேன். அவன் ஓடி வந்து கத்தத் தொடங்குவான். நான் நிறுத்தச் சொல்வேன். "பேசாத. வாசல்ல வந்து நில்லு. மூட்டைய இறக்கி வை. அவளப் பாரு. அவ நம்பட்டும், அதுவரைக்கும் அசையாத." பேசாத படத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மாவு பூசிய முகத்தோடு, வெள்ளை வேட்டியோடு, சத்தமில்லாமல் அவன் வந்து நிற்பான்.

இருட்டியபின் விளக்கு எரியக் கூடாது என்பதால் காட்சி பிற்பகலில் நடந்தது. மூடிக்கிடந்த ஒரு சினிமாக் கொட்டகை. தோட்டங்களிலிருந்து லாரியில் ஆட்களைக் கொண்டுவந்திருந்தார்கள். மூன்றாம் காட்சியில் அவன் வாசலில் வந்து நின்றபோது அத்தனை கூட்டமும் மூச்சை அடக்கிக்கொண்டது. நான் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அந்த அமைதியை நான் உண்டாக்கியிருந்தேன். மறைக்காமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷத்தை அதற்குப் பிறகு எந்தப் படமும் எனக்குக் கொடுத்ததில்லை. வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்த கிராணியிடம் நிறையப் பேர் பெயர் கொடுத்தார்கள்.

மக்சிக்கும் பார்க்க வந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே மலாயில் சொன்னாள்.

"பேச்சு ஒண்ணும் புரியல. ஆனா அழுதேன். பாவம், அந்தப் பொண்ணு. செத்துப்போன புருஷன் ஹாந்துவா வந்து நிக்கறான், அவளுக்குத் தெரியல."

ஹாந்து என்றால் மலாயில் பேய்.

"இல்ல மக்சிக், அவன் சாகல. உயிரோட திரும்பி வர்றான்" என்றேன்.

அவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "உயிரோடயா? அப்ப ஏன் அவன் காலு சத்தமே போடல? ஏன் அவள அவன் தொடவே இல்ல?"

 மறுநாளிலிருந்து அந்தக் காட்சியில் அவன் வந்து நிற்கும்போதெல்லாம் மக்சிக் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது. அவனைக் கத்தச் சொல்லியிருக்கலாம், ஓடி வரச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்படியே இருந்தால்தான் கூட்டம் அடங்குகிறது என்று எனக்குத் தெரியும். பக்கத்து ஊரான குருபோங், இன்னும் சுற்றியிருந்த தோட்டங்கள் என்று கொட்டகை இல்லாத இடங்களிலும் போட்டோம்.

மூன்று மாதம் ஆயிற்று, நான்கு ஆயிற்று. போனவர்களில் ஒருவரும் வரவில்லை. கடிதமும் இல்லை. ஆட்களை ஏற்றிப்போகும் ரயில் திரும்பும்போது காலியாக வருகிறது என்று ஸ்டேஷனில் வேலை செய்த ஒருவர் என்னிடமே சொன்னார். அதற்குப் பிறகும் நான் இரண்டு தடவை நாடகம் போட்டேன்.

கடைசித் தடவை ஒரு தோட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். மூன்றாம் காட்சி நடந்துகொண்டிருந்தது. மேடையில் நின்ற அவனைப் பார்த்து, "நீ போனியாடா? எம் மவன் போனான். நீ போனியா?" என்று கேட்டாள். அவன் நான் சொல்லிக்கொடுத்தபடியே அசையாமல் நின்றான். அவளை இரண்டு பேர் வெளியே இழுத்துப் போனார்கள்.

இது அதிகாரியின் காதுக்குப் போயிற்று. மறுவாரம் கிராணி எங்கள் வீடுகளுக்கு வந்தார். "நடிச்சவனே போகலைன்னா சனம் எப்படி நம்பும்னு கேக்கறாங்க. அவன் பேரத்தான் முதல்ல எழுதியிருக்கு. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

என் பெயர் இல்லையா என்று கேட்டேன். நாடகம் போட ஆள் வேண்டுமாம், என் பெயர் இல்லை.

ஓடிப்போய்விடு என்று அவனிடம் சொன்னேன். எங்கே போவது என்று கேட்டான். மனைவியை விட்டுவிட்டு ஓடினால் அவளைப் பிடித்துக்கொள்வார்கள். லாரி வந்த காலையில் அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"மூஞ்சிய ஏண்ணே இப்படி வச்சிருக்கீங்க? மூணு மாசம் தானே. எப்படித் திரும்பி வரணும்னு இந்த ஊர்லயே எனக்குத்தானே நல்லாத் தெரியும்."

லாரியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அதன் பிறகு நாடகம் நின்றது. எனக்கு உடம்பு முடியவில்லை என்று சொன்னேன், அது உண்மையாகவும் ஆயிற்று. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவள் அவன் மனைவிதான். கஞ்சியை வைத்துவிட்டு, "அவரு வந்ததும் உங்கள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்றேண்ணே" என்பாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஜப்பான்காரர்கள் தோற்றுப் போன பிறகு, பல மாதம் கழித்து, அவனோடு அதே லாரியில் போன ஒருவர் திரும்பி வந்தார். காலில் ஆறாத புண். எலும்பு மட்டும் நடந்து வருவது போல இருந்தார். அவர் முதலில் என்னிடம் வந்தார், அவளிடம் போகத் துணிவில்லாமல். மழைக்காலத்தில் பேதி கண்டு அவன் போய்விட்டதாகச் சொன்னார். பிறகு, "அவன் அங்க உங்க நாடகத்தப் போடுவான்" என்றார்.

"அங்கயா?" என்றேன்.

"காய்ச்சல்காரங்க கிடக்கற கொட்டகைங்க. முடியாதவங்க அவன கேப்பாங்க. டேய், வந்து காட்டுடான்னு. அவன் வெளியில போய், ஒரு சாக்க எடுத்துக்கிட்டு, வாசல்ல வந்து நிப்பான். பேச மாட்டான். எல்லாரும் பார்த்துக்கிட்டே இருப்போம். சாவறதுக்கு முன்னால நெறையப் பேரு கடைசியாப் பார்த்தது அதத்தான்."

இருவரும் சேர்ந்து அவளிடம் போனோம். அவர் சொன்னார், நான் பக்கத்தில் நின்றேன். அவள் அழவில்லை. அவரை உட்காரவைத்துக் காலிலிருந்த புண்ணைப் பார்த்தாள், வெந்நீர் வைத்தாள். அவர் போனபின் என்னிடம் சொன்னாள்.

"அண்ணே, அந்த மூணாவது காட்சிய எனக்கு நடிச்சுக் காட்டுங்க."

"வேணாம்மா."

"ஊருக்கெல்லாம் காட்டுனீங்க."

நான் வெளியே போனேன். ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். இறக்கி வைத்தேன். அவளைப் பார்த்தேன். பட்டப்பகல், கிழங்குச் செடிகளின் மேல் வெயில் அடித்தது. அவள் தரையில் உட்கார்ந்தபடி நெடுநேரம் என்னைப் பார்த்தாள். பிறகு, "அவரு மூட்டைய இடது கையிலதான் பிடிப்பாரு" என்றாள். நான் திரும்ப வெளியே போய், இடது கையில் பிடித்து வந்து நின்றேன். அப்போதுதான் அழுதாள். என் தோளுக்கு மேலாக எதையோ பார்த்து அழுதாள். நான் அங்கே இருப்பது அவளுக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. மூச்சு விடாமல் நின்றேன்.

அடுத்த ஆண்டு கப்பல் கிடைத்துச் சென்னைக்குத் திரும்பினேன். ஒரு ஸ்டூடியோவில் உதவியாளனாகச் சேர்ந்து பிறகு இயக்குநரானேன். படங்கள் ஓடின. மலாக்காவிலும் ஓடியதாக மக்சிக்கின் மகன் மலாயில் எழுதினான். அடுத்த வீட்டுப் பெண் குருபோங் பக்கம் இன்னொருவரைக் கட்டிக்கொண்டு போனதாகவும், இரண்டு பிள்ளைகள் என்றும் அதே கடிதத்தில் இருந்தது. படிக்கச் சந்தோஷமாக இருந்தது.

காலிப் பெட்டிகளோடு ரயில் வந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரிந்த பிறகும் நாடகம் போட்டீர்களா என்று அவள் ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன்.