உமி வறுத்த மழைக்காலம்

1. நாற்றம் வரக்கூடாது

நான் பஞ்சாயத்து யூனியனில் கிராம சேவிகாவாகச் சேர்ந்த முதல் வருடம். வீட்டுக் கொல்லையில் லெகார்ன் என்ற முட்டைக்கோழி வளர்க்க ஆள் சேர்ப்பது என் வேலை. செவிலிமேட்டுப் பக்கம் தறிக்காரர் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கியும் ஒருவரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் மரகதம் தானாகவே ஆபீசுக்கு நடந்து வந்தாள்.

அவள் கணவர் ஏகாம்பரத்துக்கு டி.பி. தறியில் உட்காரக்கூடாது, தினம் முட்டை சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முட்டை அவருக்கும் ஆகும், மிச்சத்தை விற்று அடுப்பும் எரியும் என்பது அவள் கணக்கு.

"வளர்க்கிறேம்மா. ஆனா நாத்தம் வரக்கூடாது. பக்கத்து வீட்ல தறி ஓடிக்கினு இருக்குது. பட்டுல நாத்தம் ஏறிச்சின்னா என்னைச் சும்மா உடமாட்டாங்க."

"டீப் லிட்டர் போட்டா வராது மரகதம்" என்றேன்.

டீப் லிட்டர் என்பது ஆழ்கூளம். கூண்டின் தரையில் உமியோ நிலக்கடலைத் தோலோ ஒரு சாண் உயரத்துக்குப் பரப்ப வேண்டும். எச்சம் அதில் விழுந்து உலர்ந்து மக்கிவிடும். தினமும் கிளறிவிட வேண்டும். அள்ளிப் பிடித்தால் உதிர வேண்டும், உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அவ்வளவுதான் வித்தை.

மரகதம் அதைச் சாமி காரியம் மாதிரிச் செய்தாள். சில மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் கொல்லைச் சுவர் மேல் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, சத்தம் கேக்குது, நாத்தத்தைக் காணோம்?" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது ஏகாம்பரம் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ஆனால் முன்பைவிட முகம் தெளிந்திருந்தது.

2. ஐப்பசி

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. சாரல் கூண்டுக்குள் அடித்தது. நான் போனபோது கொல்லைக் கதவைத் திறந்ததுமே கண் எரிந்தது. கூளம் களிமண் மாதிரிக் கட்டியாகியிருந்தது. இரண்டு கோழிகள் இறக்கையைத் தொங்கவிட்டு நின்றன. இப்படியே விட்டால் ரத்தக் கழிச்சல் வந்து எல்லாம் போய்விடும்.

பக்கத்து வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார்.

"கல்யாணப் பொடவைம்மா தறியில இருக்குது. நாளைக்கும் இந்த நாத்தம் இருந்தா நானே கூண்டைத் தொறந்து உட்ருவேன். அப்புறம் என்னைக் கேக்காத."

கட்டியை வாரி எறிந்து, சுண்ணாம்பு தூவி, புது உமி போடச் சொன்னேன். சாரலுக்குச் சாக்குப் படுதாவை நானே கட்டிவிட்டேன். ஆனால் ஊரில் காய்ந்த உமி இல்லை. ரைஸ் மில்லில் அம்பாரமாகக் கிடந்ததெல்லாம் நனைந்திருந்தது. மரகதம் அதையே மூட்டையில் கட்டித் தலையில் சுமந்து வந்தாள். அடுப்பைப் பற்றவைத்து, வீட்டில் சமைக்கிற வாணலியில் அந்த உமியைப் பிடி பிடியாகப் போட்டு வறுக்க ஆரம்பித்தாள்.

ஒற்றை அறை வீடு. விறகும் ஈரம், உமியும் ஈரம். புகை கூரைக்குக் கீழே தேங்கியது. ஏகாம்பரம் இருமி இருமிக் குனிந்து போனார். மரகதம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வேணாங்க. கோழி போனாப் போவட்டும்."

"நீ வறு மரகதம். நான் வெளிய குந்திக்கிறேன்."

"வெளிய மழைங்க."

"தூறல்தான். அதுங்க போச்சின்னா நமக்கு இன்னா இருக்குது?"

அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் கூரை இறப்புக்குக் கீழே போய் உட்கார்ந்தார். நான் வெளியே வந்து, "எங்க ஆபீஸ் வரைக்கும் வாங்கண்ணா, அங்க உக்காரலாம்" என்றேன். "இந்தச் சீக்கோட எங்கம்மா வர்றது? யாரும் கிட்ட சேர்க்கமாட்டாங்க" என்றார். கம்பளி ஓரம் நனைந்துகொண்டிருந்தது. மூட்டை தீர இரண்டு நாள் ஆயிற்று. பகலெல்லாம் அவர் அங்கேதான் இருந்தார்.

கூளம் உதிர்ந்தது. நாற்றம் நின்றது. கோழிகள் பிழைத்தன. ஏகாம்பரத்துக்கு ஜுரம் கண்டு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. கார்த்திகை பிறப்பதற்குள் போய்விட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர்தான் பாடைக்கு மூங்கில் வாங்கி வந்தார்.

3. மாடல் ஷெட்

தையில் என் மேலதிகாரி வெளியூர் ஆபீசர்களை ஜீப்பில் அழைத்து வந்தார். நான் தடுத்துப் பார்த்தேன்.

"சார், அந்த வீட்ல சாவு நடந்திருக்குது."

"தெரியும்மா. ஆனா இந்த மழையில ஒரு கோழிகூட சாகாத ஷெட் இது ஒண்ணுதானே? அதைக் காட்டாம எதைக் காட்டறது?"

வந்தவர்களில் ஒருவர் குனிந்து கூளத்தை அள்ளிப் பார்த்தார். பொலபொலவென்று உதிர்ந்தது. "எக்ஸலண்ட். எப்படிம்மா ஈரமில்லாம வச்சிருந்தீங்க?" என்றார்.

மரகதம் முந்தானையைத் தோளோடு இழுத்துக்கொண்டாள். "வறுத்துப் போட்டேங்க."

"பார்த்தீங்களா, என்ன ஐடியா!" என்று என் மேலதிகாரி மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். மரகதம் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

ஜீப் போன பிறகு, "கோழிகளை வித்துடலாமா மரகதம்?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கும்மா? அவரு குந்தியிருந்தது அதுங்களுக்குத்தானே" என்று சொல்லிவிட்டுத் தீவனம் வைக்கப் போனாள்.

இந்த வேலைக்கு இப்போது வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இரண்டு. புரட்டாசிக்குள் காய்ந்த உமியை மூட்டை கட்டிப் பரண்மேல் ஏற்றிவிடச் சொல்லுங்கள். இது பயிற்சிப் புத்தகத்திலேயே இருக்கிறது. இன்னொன்று புத்தகத்தில் இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் நேராகக் கொல்லைக்குப் போகாதீர்கள். முதலில் வீட்டுக்குள் கொஞ்சம் உட்காருங்கள். யார் இருமுகிறார்கள் என்று கேளுங்கள்.