நம்ம நாட்டு மோட்டார்

மைக்கைக் கையில் கொடுத்தால் நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. இதை ஒரு வியாதி என்று சொல்லி அனுதாபம் தேடலாம். உண்மையில் அது வெறும் அசட்டுத்தனம். செம்பூரில் எங்கள் கட்டடத்தில் சுதந்திர தினத்தன்று கொடியேற்றி முடிந்து எல்லோரும் டீக்கும் சமோசாவுக்கும் நகரத் தொடங்கிய நேரத்தில், குடியிருப்போர் சொசைட்டியின் செக்ரட்டரி, எழுத்தாளர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று அறிவித்து மைக்கை என்னிடம் நீட்டினார். இரண்டு வார்த்தையோடு நிறுத்தியிருக்கலாம். இனி என் வீட்டுக்குள் அந்நிய நாட்டுச் சாமான் ஒன்றுகூட நுழையாது என்று அத்தனை பேர் முன்னிலையில் சபதம் செய்தேன். தலை நரைத்த பிறகு ஒருவன் சபதம் செய்தால் பார்ப்பவர்களுக்குப் பாவமாக இருக்கும்போல, நன்றாகவே கைதட்டினார்கள். செக்ரட்டரி எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். கீழே இறங்கி வந்ததும் என் மனைவி என் சட்டைக் காலரை ஒழுங்குபடுத்துவதுபோல எதையோ உள்ளே தள்ளிவிட்டாள். பின்னால் துருத்திக்கொண்டிருந்த லேபிளில் பங்களாதேஷ் என்று இருந்ததாம்.

முதல் சில வாரங்கள் சின்னச் சாமான்களோடு போயின. தாதர் மார்க்கெட்டில் நடைபாதைக்காரனிடம் ஒரு நகவெட்டியின் பூர்வீகத்தை விசாரித்தேன். அவன் அதை என் கையிலிருந்து வாங்கித் தட்டில் திரும்ப வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தான். குடை ஒன்று கிடைத்தது. துணி நம் நாடு, கம்பி நம் நாடு, மழை மட்டும் உள்ளே வந்தது. கொசு அடிக்கும் பேட் செத்துப்போனபோது புதிது வாங்கவில்லை, கையாலேயே அடித்தோம். கொசு எப்படியும் உள்நாட்டுத் தயாரிப்பு. ஒவ்வொரு வெற்றியையும் படமெடுத்துக் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கட்டைவிரல்கள் உயர்ந்தன.

அதுவரை எல்லாம் என் விளையாட்டு. அதற்குப் பிறகு என் மனைவியின் கிரைண்டர் நின்றது.

அவள் வேலை பார்த்த டிராவல் கம்பெனியை மூடியபோது, வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். பாக்கெட் எல்லாம் கிடையாது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வருகிறவர்கள் அவரவர் வீட்டு எவர்சில்வர் தூக்கை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். காலையில் பொங்கி நிற்கும் மாவோடு எடுத்துக்கொண்டு போவார்கள். தூக்குகளின் மூடியில் பெயர் வெட்டியிருக்கும். பெரும்பாலும் கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்கள் என்பதால் வெட்டியிருப்பது மாமாக்களின் பெயராகவும் அத்தைகளின் பெயராகவும் இருக்கும். எந்த அத்தை எந்த மாடி என்பது என் மனைவிக்கு அத்துபடி. ஷெல்ஃபில் அவை வரிசையாக நிற்கும்போது எங்கள் சமையலறை ஒரு சின்ன ஆபீஸ் மாதிரி இருக்கும். அவள் அதற்கு மேனேஜர். வருகிற காசு அவளுடையது, என்னிடம் கேட்க வேண்டியதில்லை. கட்டடத்தில் முன்பு அவளை ‘எழுத்தாளர் வீட்டம்மா’ என்றார்கள். பிறகு நான் ‘மாவு மாமியோட ஹஸ்பெண்ட்’ ஆனேன். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்று எழுத ஆசைதான்.

மழை ஓய்ந்துகொண்டிருந்த ஒரு நாள், உளுந்து பாதி அரைபட்ட நிலையில், கருகல் வாசனையோடு கிரைண்டர் நின்றது. டாக்ஸியில் ஏற்றித் தாராவிக்குக் கொண்டுபோனேன். அங்கே மோட்டார் பட்டறை வைத்திருக்கும் பாய் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வாடிக்கையாளரைக் கிண்டல் செய்வதற்கென்று தனியாகக் காசு வாங்குவதில்லை. திறந்து பார்த்துவிட்டு, மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துவிட்டது, வேறு மோட்டாரே போட்டுவிடலாம், கையில் இருக்கிறது, மதியம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். அந்த மோட்டார் எந்த நாட்டில் செய்தது என்று கேட்டேன். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அண்ணாச்சி, மாவு அரைக்கப் போறியளா, பொண்ணு குடுக்கப் போறியளா?”

சபதத்தைச் சொன்னேன். பட்டறையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படியாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். பாய் சிரிக்கவில்லை. நம் நாட்டு மோட்டார் வேண்டுமென்றால் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும், ஒன்றுக்காக அனுப்ப மாட்டார்கள், நாலைந்து ஆர்டர் சேர்ந்தால்தான் வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வீட்டுல ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க. அரைக்கது அவங்கல்லா?” என்றார்.

கேட்க வேண்டியதில்லை, அவள் என் பக்கம்தான் என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. அன்று காலைதான் குடைப் படத்துக்கு நிறையக் கட்டைவிரல்கள் வந்திருந்தன.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அவள் மிக்ஸியை எடுத்து வைத்தாள். மிக்ஸியில் மாவு சூடாகிவிடும். ஈடு ஈடாக அரைத்து, ஐஸ் தண்ணீர் விட்டு என்னென்னவோ செய்து பார்த்தாள். அந்த இட்லியை இட்லி என்று அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. தூக்கு வாங்க வந்தவர்கள், பரவாயில்லை மாமி, சீக்கிரம் சரியாகிவிடும் என்றார்கள். அப்படிச் சொல்லும்போது என்னைப் பார்ப்பார்கள். நான் தேசத்தைப் பற்றி யோசிப்பவன்போல ஜன்னலைப் பார்ப்பேன்.

ஒரு சனிக்கிழமை, மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் போய்ப் புது கிரைண்டரே வாங்கிவிடலாம், தன் பணத்திலேயே வாங்கிக்கொள்கிறேன் என்றாள். போனோம். கடையில் கல் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பெட்டியில் இந்தியத் தயாரிப்பு என்று போட்டிருந்தது. எனக்கு அது போதவில்லை. உள்ளே இருக்கும் மோட்டார் எந்த ஊர் என்று கேட்டேன். கடைக்காரர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். என்னைப்போல எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார்.

“பாக்ஸ்ல இந்தியான்னு போட்டிருக்கு சார். உள்ள என்ன இருக்குன்னு நான் தெறந்து பாக்கறதில்ல. பாத்தா கடை நடத்த முடியாது.”

அதற்குள் பையன்கள் பெட்டிக்குக் கயிறு கட்டி முடித்திருந்தார்கள். வேண்டாம், கயிற்றை அவிழ்த்துவிடுங்கள் என்றேன். கடைக்காரர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். அவள் கைப்பையை மூடிக்கொண்டு வெளியே நடந்தாள்.

பஸ் ஸ்டாப்பில்தான் பேசினாள். “காத்திருன்னா நான் காத்திருப்பேன். உளுந்தும் காத்திருக்கும். மாவு வாங்கறவா எல்லாம் ஏழு அம்பது லோக்கல் ட்ரெயின் பிடிக்கறவா. யாருக்காகவும் காத்திருக்க மாட்டா.”

பஸ்ஸில் பெண்கள் சீட்டில் போய் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. அதில் கைப்பையை வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு தூக்குகள் போகத் தொடங்கின. மேல்மாடிக்காரர்கள் ஊருக்குப் போவதாகச் சொல்லித் தங்களுடையதை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் அவர்களை லிஃப்டில் பார்த்தேன். ஊர் லிஃப்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. இன்னொரு வீட்டில் டாக்டர் புளித்த மாவே கூடாது என்று சொல்லிவிட்டாராம். நல்ல மனிதர்கள், முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. காலையில் பேப்பர் எடுக்கக் கதவைத் திறந்தால், எதிர்வீட்டுக் கைப்பிடியில் மாட்டியிருக்கும் பால் பையில் பளபளவென்று ஒரு மாவுப் பாக்கெட்டும் உட்கார்ந்திருக்கும். போனில் விரலை வைத்தால் பத்து நிமிஷத்தில் கொண்டுவந்து தொங்கவிடுகிறார்கள்.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்களில் வழக்கமில்லை. ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். ஒவ்வொரு தூக்கையும் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, சர்க்கரை போட்டு, மூடியிலிருக்கும் பெயரைப் பார்த்து மூடி, வாசலில் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். சர்க்கரை டப்பா அந்த மாதம் சீக்கிரமே காலியானது. எதற்கு என்று கேட்குமளவுக்கு நான் முட்டாள் இல்லை. அதற்கு முன்புவரை இருந்தேன்.

மோட்டார் ஒருவழியாக வந்து சேர்ந்தது. பாய் பொருத்தி முடித்துவிட்டு, சுவிட்சில் கை வைத்தபடி சொன்னார்.

“மோட்டார் சுத்தமா நம்ம நாடுதான். அதுக்கு மேல ஒக்காந்திருக்க கபாசிட்டர் மட்டும் வெளிநாட்டுச் சாமான் அண்ணாச்சி. கழட்டிரவா?”

கழற்றினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“சுத்தாது.”

இருக்கட்டும் என்றேன். சபதம் என்று பார்த்தால் அது அந்தப் பட்டறையில், அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது. ஒரு மாதத்துக்கு முன்பே, இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனாலும் மோட்டாரைப் படமெடுத்தேன், கபாசிட்டர் தெரியாத கோணத்தில். குழுவில் போட்டேன். கட்டைவிரல்களுக்கு நடுவே செக்ரட்டரி ஒரு தேசியக் கொடியும் போட்டிருந்தார்.

அன்று என் மனைவி பழைய அளவிலேயே அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டாள். இவ்வளவு எதற்கு என்று நான் கேட்கவில்லை. கிரைண்டர் நன்றாகவே சுற்றியது, பழையதைவிடச் சத்தம் குறைவு. மாவை வழித்துப் பெரிய பாத்திரங்களில் ஊற்றிவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தாள். ஆபீஸிலிருந்து ஆட்கள் திரும்பும் நேரம். லிஃப்ட் வந்து வந்து நின்றது, கதவு திறந்து மூடியது. யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஷெல்ஃபில் ஒரே ஒரு தூக்கு மட்டும் இருந்தது. அது செக்ரட்டரி வீட்டுடையது. வாங்கிக்கொண்டு போக மறந்திருந்தார்கள். அவர்கள் மட்டும் இன்னும் விட்டுப்போகவில்லை என்று அவள் எண்ணியிருந்தாள். அதை எடுத்து, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிறுத்தி மாவை ஊற்றினாள்.

காலையில் செக்ரட்டரியே வந்தார். தூக்கைத் தேடி வந்ததாகச் சொன்னார். வீட்டில் யாருக்கோ கேசரி கொடுத்தனுப்ப வேண்டுமாம். அவள் உள்ளேயிருந்து கொண்டுவந்து கொடுத்தாள். கனத்தைப் பார்த்து மூடியைத் திறந்தார். மாவு பொங்கி மூடியின் உள்பக்கம்வரை ஒட்டியிருந்தது. அவருக்குச் சங்கடமாகிவிட்டது. அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஐயோ, எதுக்கு சார் இதெல்லாம்? ஃப்ரிட்ஜ்ல ரெண்டு பாக்கெட் கெடக்கு. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்கோ, உங்க பேச்சக் கேட்டதுலேர்ந்து பாக்கெட்டத் திருப்பிப் பாக்காம நான் எதுவும் வாங்கறதில்ல. இங்க பக்கத்துல, வாஷிலதான் அரைக்கறான். சுத்தமா நம்ம நாட்டுச் சரக்கு.”